மாப்பிள்ளை கழுவக் கொடுத்த பிலிம்

என் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்றே இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று நான் வீட்டில் சொன்னேன். டி. கல்லுப்பட்டியில் மாட்டுத்தீவனக் கடை, ஊருக்கு மேற்கே கொஞ்சம் நிலம், வற்றாத கிணறு. அதிலெல்லாம் எனக்குக் குறையில்லை. காபி கொண்டுவந்த என் அம்மாவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தட்டிலிருந்து டம்ளரை எடுத்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. என் பேச்சு எடுபடவில்லை, கல்யாணம் நடந்தது. நான் சொன்னது எப்படியோ அவர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது. அவர் என்னை ‘மச்சான்’ என்பார், நான் அவரை ‘மாப்ள’ என்பேன். ‘வாங்க’, ‘போங்க’ இரண்டு பக்கமும் குறையாது. வெளியாட்கள் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நான் மருந்து கம்பெனி ரெப். கோச்சடையில் வீடு. டாக்டர்களின் வாசலில் பையோடு காத்திருப்பதும், உள்ளே போனால் இரண்டு நிமிஷத்தில் விரட்டப்படுவதும்தான் வேலை. அதனால் யாராவது முகத்தில் அடித்த மாதிரி பேசினால் எனக்கு வழக்கமாக ஒன்றும் செய்யாது. மாப்பிள்ளை பேசினால் மட்டும் செய்யும்.

எனக்குப் பிலிம் கேமரா பைத்தியம் உண்டு. அதிலும் ஸ்லைடு பிலிம். சாதாரண பிலிமைக் கழுவினால் நெகட்டிவ் வரும், அதிலிருந்து பிரிண்ட் போட வேண்டும். ஸ்லைடு பிலிமைக் கழுவினால் அந்தப் பிலிமே படம். சின்னச் சதுரத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அன்று பார்த்த நிறம் அப்படியே உள்ளே இருக்கும். அதைக் கழுவும் மருந்து வேறு, முறை வேறு. வெளிநாட்டிலிருந்து வரும் சிநேகிதன் எப்போதாவது ஒன்றிரண்டு ரோல் கொண்டுவந்து தருவான். எடுத்து முடித்ததும் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்புவேன். பல வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தங்கை மகளுக்கு முடியிறக்கிக் காது குத்துவதற்கு அழகர்கோவிலுக்குப் போனபோது கேமராவில் ஸ்லைடு ரோல்தான் போட்டிருந்தேன். பாதி ரோல் ஏற்கெனவே முடிந்திருந்தது. வைகையில் தண்ணீர் வந்த சமயம் கோச்சடைப் பக்கம் கரையில் நின்று எடுத்த படங்கள் அதில் இருந்தன. மீதியைக் காதுகுத்தில் எடுக்கலாம் என்று நினைத்தேன். மாப்பிள்ளை தனியாக ஒரு போட்டோகிராபரை அமர்த்தியிருந்தார். குடையும் லைட்டும் ட்ரோனுமாக அவர் வந்து இறங்கினார்.

தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்துத்தான் காது குத்த வேண்டும். நான் கழுத்தில் கேமராவோடு மனைப்பலகையில் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் சொன்னார்.

“மச்சான், அந்தப் பெட்டியக் கழட்டி வச்சுட்டு உக்காருங்க. தாய்மாமனா வந்தீங்களா, போட்டோப் புடிக்க வந்தீங்களா?”

இரண்டு வீட்டுச் சனமும் சிரித்தது. நான் கழற்றி வைத்தேன். பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதது, காது குத்தியாயிற்று. எழுந்தவுடன் கேமராவை மறுபடியும் மாட்டிக்கொண்டேன். வேண்டுமென்றேதான்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் படம் எடுத்தாலே ஆகாது. அந்த மனிதரும் என்னிடம் பிரியமாகப் பேசியதில்லை, ஆனால் அவர் யாரிடமுமே பிரியமாகப் பேசியதில்லை என்பதால் எனக்கு வருத்தமில்லை. அமர்த்திய போட்டோகிராபர் பின்னாலேயே போய், “அய்யா, இங்கிட்டு ஒரு பார்வை” என்று கெஞ்ச, அவர் கைத்தடியை ஓங்கி விரட்டிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மொட்டையடித்த பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, கிடாக்கறி வேகும் இடத்தில் நின்று சமையல்காரரோடு உப்புக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மரத்துக்குப் பின்னாலிருந்து ஒன்று எடுத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பி, தடியைத் தூக்கினார்.

“எதுக்குடா ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுக் கொக்கு சுடப்போறவன் மாதிரி நிக்கிற? போய்ப் பந்தியக் கவனி.”

அதையும் ஒன்று எடுத்துவிட்டுப் பந்திக்குப் போனேன்.

அந்த மழைக்காலம் தொடங்கும் முன்பே அவர் போய்விட்டார். கிணற்றடி மோட்டார் ரூமுக்குப் போனவர் திரும்பவில்லை. மாரடைப்பு. இழவு வீட்டில் தலைமாட்டில் வைக்க ஒரு படம் தேடினார்கள், இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி மாலை போட்டார்கள். புள்ளி புள்ளியாக, யாரோ தேடப்படும் குற்றவாளி மாதிரி இருந்தது. காதுகுத்துப் படத்தைக் கேட்டு மாப்பிள்ளை போட்டோகிராபரைப் பிடித்தார். அவர் நாளைக்கு, நாளன்னைக்கு என்று இழுத்து, கடைசியில் கார்டு கெட்டுப்போய் ஒன்றுமே மிஞ்சவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

அப்போதுதான் தங்கைக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. கருமாதி முடிந்த வாரம் போன் செய்தாள். “அண்ணே, நீங்க அன்னைக்கு மாமாவ எடுத்தீங்கள்ல?”

எடுத்தேன் என்றேன். மறுநாள் காலையிலேயே மாப்பிள்ளை கோச்சடையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“படம் எங்க மச்சான்?”

பிரிட்ஜைத் திறந்து, இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து ரோலை எடுத்துக் காட்டினேன். மதுரை வெயிலில் வெளியே வைக்க முடியாது என்பதால் அங்கேதான் வைப்பேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இம்புட்டுதானா? இதுக்குள்ளயா இருக்காரு?”

“இதுக்குள்ளதான். கழுவணும்.”

“கழுவுங்க.”

“இங்க கழுவ முடியாது மாப்ள. இது ஸ்லைடு. சென்னைக்குத்தான் அனுப்பணும்.”

அவர் முன்னாலேயே ஸ்பீக்கரைப் போட்டு அந்தச் சென்னை லேபுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நான் பேசி முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. “ஸ்லைடு நிறுத்தியாச்சு சார். மருந்து வர்றதில்ல. வந்தாலும் ரோல் வர்றதில்ல. நெகட்டிவ்னா அனுப்புங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கே அது அப்போதுதான் தெரியும். மாப்பிள்ளை நம்பவில்லை. நானும் அந்த ஆளும் பேசி வைத்துக்கொண்டு நாடகம் போடுகிறோம் என்பது மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

“மதுரையில இத்தன ஸ்டுடியோ இருக்கு. ஒருத்தனுக்குக் கூடவா தெரியாது? வாங்க, நானும் வாரேன்.”

அன்று முழுக்க அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து நகரத்தைச் சுற்றினேன். முதலில் டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கலர் லேப். முன்பு அங்கே பிலிம் கழுவும் மெஷின் நின்ற இடத்தில் இப்போது பிளக்ஸ் சுருள்களை அடுக்கியிருந்தார்கள். முதலாளி ரோலைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்து, “இதெல்லாம் இன்னுமாண்ணே வருது?” என்றார். மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளி வருத்தமில்லை.

மாப்பிள்ளை அவரிடம் கேட்டார். “அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவரு சொல்றது நெசமா? இத இங்க கழுவ முடியாதா?”

“நெசந்தான். இத வச்சுக்கிட்டு மதுரையில சுத்துறதே வீண்.”

மாப்பிள்ளைக்கு நிம்மதி வந்ததாகத் தெரியவில்லை. நான் பொய் சொல்லியிருந்தால்தான் அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

அடுத்த கடையில் ஸ்லைடு என்றால் என்ன என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். மாசி வீதிப் பக்கம் இன்னொரு இடத்தில், பாஸ்போர்ட் படம் எடுக்கிற வயதானவர் எங்களை உட்கார வைத்து, ஒரு செல்போன் வாங்கியிருந்தால் இந்த அலைச்சல் ஏது என்று புத்தி சொன்னார். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, “கேட்டுக்கங்க மச்சான்” என்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் சட்டைப்பையில் ரோலைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தேன். ஒரு கடையில் சர்பத் குடித்தோம். அவரவர் டம்ளரைப் பார்த்துக் குடித்துவிட்டு வந்தோம்.

அதன்பின் நான் தனியாகத் தேடினேன். டாக்டர்களின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் போன்தான். மும்பையில் ஒரு லேப் பார்சலில் அனுப்பச் சொன்னது. ஆனால் மருந்து பழசாக இருக்கலாம், படம் வராவிட்டால் கேட்கக்கூடாது என்றது. அதுவும் எப்போது கழுவுவார்கள் என்று தெரியாது. கொச்சியில் ஒருவர் செய்கிறார் என்று கேள்விப்பட்டு நம்பரைத் தேடிப் பிடித்தால், அவர் துபாய்க்கே போய்விட்டிருந்தார். கடைசியில் பெங்களூரில் ஓர் ஆள் அகப்பட்டார். வீட்டிலேயே சூடு குறையாமல் தண்ணீர்த் தொட்டி வைத்துச் சரியான மருந்தில் கழுவுகிறவர். தமிழ் பேசுவார். ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால் ரோலை அவர் கையில் கொடுக்க நான்தான் தகுதியை நிரூபிக்க வேண்டும் போலிருந்தது.

“மதுரையிலயா வச்சிருக்கீங்க? பிரிட்ஜ்லதானே? கார்ல கீர்ல வச்சிட்டீங்களா? கரண்ட் போனா எவ்வளவு நேரம் போகும்?”

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

“சரி. இருக்கட்டும். மருந்து கலக்குனா கொஞ்ச நாள்தான் தாங்கும். உங்க ஒருத்தர் ரோலுக்காகக் கலக்க முடியாது. இன்னும் நாலு பேர் ரோல் சேரட்டும், சொல்றேன்.”

சேரவேயில்லை. நான் கேட்கும்போதெல்லாம், “அவசரம்னா வேற எங்கயாவது பாருங்க” என்பார். வேறு எங்கும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

இதை மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

“என்னாச்சு?”

“ரோல் சேரலையாம்.”

“எங்கப்பா மூஞ்சியப் பாக்க இன்னொருத்தன் ரோல் எதுக்குச் சேரணும்?”

நியாயமான கேள்விதான். அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. மருந்தை வரவழைத்து நானே கழுவுகிறேன் என்று ஒரு தடவை சொன்னேன். “பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நீங்க கழுவிப் பழக எங்கப்பாதான் கெடச்சாரா?” என்றார். தங்கை நடுவில் கிடந்து அல்லாடினாள். “குடுத்துத் தொலைங்களேண்ணே. வீட்டுல சோறு எறங்க மாட்டேங்குது. காதுகுத்துல மூஞ்சியக் காட்டுனதுக்கு நீங்க வஞ்சம் வச்சு உக்காந்திருக்கீங்கன்னு சொல்றாரு” என்றாள்.

அப்படியொரு எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அவர் அப்படி நினைத்து வேகிறார் என்று கேட்டபோது கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

வருஷம் திரும்பி அவர் தலைத்திவசம் நெருங்கியது. நான் கோவில்பட்டிக்கு டூர் போயிருந்தேன். மதியம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மனைவி போன் செய்தாள்.

“உங்க மாப்ள காலைல வந்தாரு. தண்ணி குடுத்தேன், குடிச்சாரு. பிரிட்ஜத் தொறந்தாரு. அந்த டப்பாவ எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.”

“நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த?”

“அவரு அப்பன் படம், அவரு எடுத்துக்கிட்டுப் போறாரு. கையப் புடிச்சா இழுக்கச் சொல்றீங்க?”

அவருக்குப் போன் போட்டேன். மூன்றாம் தடவைதான் எடுத்தார். காலேஜ் பிள்ளைகள் இப்போது மறுபடியும் பிலிம் கேமராவில் இறங்கியிருக்கிறார்களாம். அவர்களுக்காகப் புதூர்ப் பக்கம் ஒரு ஸ்டுடியோக்காரர் சின்னதாக மெஷின் வைத்துக் கழுவுகிறாராம். அங்கே கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

“மாப்ள, அது நெகட்டிவ் பிலிமுக்கு உள்ள மருந்து. இது ஸ்லைடு. அதுல போட்டாக் கலரு நாசமாப் போயிரும். கழுவாம வாங்கி வைங்க, இந்தா கெளம்பிட்டேன்.”

“முடியும்னு அவரு சொல்றாரு. முடியாதுன்னு சொல்றது நீங்க மட்டும்தான்” என்று வைத்துவிட்டார்.

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஸ்டுடியோ நம்பரைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் என்று ஒவ்வொரு ஊரிலும் பஸ் நின்று நின்று போயிற்று. எனக்கு வாய்விட்டு யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. கண்டக்டர் மாட்டினார், டிக்கெட்டை நீட்டிய விதம் சரியில்லை என்று அவரோடு சண்டை போட்டேன்.

புதூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஸ்டுடியோ உள்ளறையில் ஒரு கம்பியில் கிளிப் மாட்டி என் பிலிம் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் இன்னும் ஈரம். மாப்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாருங்க சார், வந்துருச்சு” என்றார் ஸ்டுடியோக்காரர்.

வந்துதான் இருந்தது. மருந்து மாறிப் போட்டதில் ஸ்லைடாக வர வேண்டியது நெகட்டிவாக வந்திருந்தது. அதை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றி, நெகட்டிவைப் படமாகத் திருப்பிப் போட்டிருந்தார். அழகர்மலை மஞ்சளாக நின்றது. வானம் பச்சை. வேட்டி, சட்டையெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை, ஒரு மடிப்புகூட இல்லை. வைகைத் தண்ணீர் சாக்கடைப் பாசி நிறத்தில் கிடந்தது. மனிதர்களின் முகத்தைப் பார்த்தால் மஞ்சள்காமாலை வந்தவர்கள் போலிருந்தார்கள். அதற்கு நடுவில் ஒரு தோளில் பேத்தியும் மறுதோளில் என்ன நிறமென்றே தெரியாத துண்டுமாக, தடியைத் தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்தபடி அவர். பல் வரிசை தெளிவாகத் தெரிந்தது. கண்ணும் தெளிவு. அந்த முகத்தை மருந்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மாப்பிள்ளை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அப்பாதான்” என்றார், யாரிடமும் இல்லாமல்.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் பச்சை வானம்தான்.

ஸ்டுடியோக்காரர் சமாதானத்துக்கு, “கலர் ஒரு மாதிரிதான் இருக்கு, பிளாக் அண்ட் ஒயிட் ஆக்கிரலாம்” என்று ஒரு பட்டனைத் தட்டினார். திரையில் நிறமெல்லாம் போய், கெட்டியான ஒரு கறுப்பு வெள்ளைப் படம் நின்றது. நன்றாகவே இருந்தது. பெரிதாக்கிப் பிரேம் போட இதுவே போதும் என்றார்.

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஒரு வருசமாத் தேடுனீங்க மச்சான். நான் காலைல குடுத்தேன், சாயங்காலம் வந்துருச்சு.”

“கொன்னு கொண்டாந்திருக்க” என்றேன்.

ஸ்டுடியோக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். தங்கை புருஷனை, அதுவும் மூன்றாம் மனிதர் முன்னால், ‘நீ’ என்று நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

“என்ன சொன்னீங்க?”

“காதுல விழுந்துச்சுல்ல.”

“கொண்டாந்திருக்கயா? நான் ‘நீ’யா ஒங்களுக்கு?” அவர் எழுந்து நின்றார். “பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு என்னைய வேணாம்னீங்க, தெரியும். பொறுத்துக்கிட்டேன். எங்கப்பாவ ஒரு வருசம் மாவுச்சட்டிக்குப் பின்னால வச்சிருந்தீங்க. அதையும் பொறுத்துக்கிட்டேன்.”

“கெடுத்தது நீங்க” என்றேன். ‘நீங்க’ தானாகத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அது இனி உதவாது.

பிலிமைக் கம்பியிலிருந்து எடுக்கப் போனேன். அவர் குறுக்கே கையை நீட்டினார். “தொடாதீங்க. இதுல எங்கப்பா இருக்காரு.”

“என் கேமரா, என் பிலிம்.”

“அப்ப வெட்டிக்குவோம்.”

ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் கத்தரியை எடுத்தார். எங்கே வெட்டுவது என்று விரல் வைத்துக் கேட்டார். காதுகுத்து ஆரம்பித்த இடத்தைக் காட்டினேன். ஆற்றுப் படங்கள் என் பக்கம் வந்தன, சனங்கள் அவர் பக்கம் போனார்கள். மனையில் உட்காரும் முன்பு நான் எடுத்த மேளக்காரர்கள் படம் நடுவில் தனித் துண்டாக விழுந்தது. அதை யாரும் கேட்கவில்லை. ஸ்டுடியோவிலேயே கிடக்கும்.

தலைத்திவசத்துக்குக் கல்லுப்பட்டி போனேன். போகாவிட்டால் தங்கைக்குத் தலைகுனிவு. கூடத்தில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஆளுயரத்துக்கு நின்றது. சந்தனம், மாலை. வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று வாயைப் பிளந்தார்கள். “நேர்ல இருக்க மாதிரியே இருக்கு, யாரு எடுத்தது?” என்று ஒருவர் கேட்டார். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். “புதூர்ல ஒரு ஸ்டுடியோ” என்றார்.

பந்தியில் அவர்தான் பரிமாறினார். வீட்டுக்காரர், செய்துதான் ஆக வேண்டும். என் இலைக்கு வந்ததும் என்னைப் பார்க்காமல் சாம்பார் ஊற்றினார். ரசத்துக்கு நான் கையால் இலையை மறைத்தேன். அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை போன்களும் நின்றன. என் மனைவிக்கு அது பெரிய நிம்மதி. பெங்களூர்க்காரர் ஒரு நாள் தானாகவே போன் செய்து, “ரோல் சேர்ந்துருச்சு, அனுப்புங்க” என்றார். வேறொருவன் கழுவிவிட்டான் என்றேன். எந்த மருந்தில் என்று கேட்டார். சொன்னேன். “உங்ககிட்ட ரோல் குடுத்ததே தப்பு” என்று வைத்தார்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம், டாக்டர் ஒருவரின் வாசலில் இருந்தபோது, மாப்பிள்ளை பெயர் போனில் வந்தது. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து எடுத்தேன்.

“அந்தப் பெங்களூர் ஆளு நம்பரு குடுங்க.”

“எதுக்கு?”

“கலரத் திரும்ப எடுக்க முடியுமான்னு கேக்கணும்.”

“முடியாது.”

“ஒங்ககிட்டக் கேக்கல.”

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அவரே கூப்பிட்டார். “அவரும் முடியாதுங்குறாரு. ஒங்கள மாதிரியேதான் பேசுறாரு” என்றார். பிறகும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

“அன்னைக்கு அப்பா தோள்ல கெடந்த துண்டு என்ன கலரு?”

“காவி” என்றேன்.

“காவியெல்லாம் அவரு போட மாட்டாரு. பச்சைக்கரை வச்ச வெள்ள.”

“மாப்ள, நான் கேமராக் கண்ணாடிக்குள்ள வச்சுப் பாத்தவன். காவி.”

“எங்கப்பாவ நீங்க எத்தன நாள் பாத்திருக்கீங்க? நான் தெனம் பாத்தவன். வெள்ள.”

“அப்ப எதுக்கு என்கிட்டக் கேக்குறீங்க?”

சட்டென்று வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, தன் அம்மாவும் வெள்ளை என்றுதான் சொல்கிறார் என்று குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். அந்த அம்மாவுக்குக் கண்புரை என்பது எனக்குத் தெரியும். சொட்டு மருந்து நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அதைச் சொல்லாமல், காவிதான் என்று மட்டும் பதில் போட்டேன்.